ஆவணக் காப்பகத்தின் சாவி

1945 ஆகஸ்ட் மத்தியில், ஜப்பான் சரணடையும் முடிவை அறிவித்த நாட்களில், டோக்கியோவின் அரசு அலுவலக வளாகங்களிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அது குண்டுவீச்சில் எழுந்த புகை அல்ல. அமைச்சகங்களும் ராணுவத் தலைமையகமும் தங்கள் கோப்புகளைத் தாங்களே எரித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கப் படைகள் வந்திறங்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இருந்தன. அந்த அவகாசம் போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் டோக்கியோவில் சர்வதேச ராணுவத் தீர்ப்பாயம் கூடியபோது, வழக்கை நடத்தியவர்கள் சாட்சிகளின் நினைவாற்றலையும், கிடோ கொய்ச்சியின் நாட்குறிப்பைப் போல நெருப்புக்குத் தப்பிய தாள்களையும் பெரிதும் சார்ந்திருக்க நேர்ந்தது. நம்மில் பலருக்கு அந்தத் தீர்ப்பாயம் ராதாபினோத் பாலின் மாறுபட்ட தீர்ப்பு வழியாகவே அறிமுகம். அந்தப் புகையைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நியூரம்பர்கில் நிலைமை நேர்மாறாக இருந்தது. நாஜி ஜெர்மனியின் கோப்புகளில் மிகப் பெரும்பகுதி நேச நாட்டுப் படைகளிடம் அப்படியே சிக்கியது. கடற்படையின் ஆவணங்கள் டம்பாக் கோட்டையில் கிடைத்தன. ஆல்ஃபிரட் ரோசன்பர்கின் கடிதங்களும் குறிப்புகளும் பவேரியாவில் ஒரு பழங்கோட்டையின் போலிச் சுவருக்குப் பின்னால் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. தலைமை வழக்குரைஞர் ராபர்ட் ஜாக்சன் தன் தொடக்க உரையிலேயே, பகைவர்களின் வாய்ச்சொல்லைக் கொண்டு இவர்களைத் தண்டிக்கச் சொல்லப்போவதில்லை, இவர்களின் சொந்தப் பதிவேடுகளே இவர்களுக்கு எதிராகப் பேசும் என்று சொல்ல முடிந்தது. கொலைக்கு உத்தரவிட்டவர்கள் தாங்கள் இட்ட கையொப்பத்தை மறுக்க வழியின்றி நின்றார்கள்.

டோக்கியோ, நியூரம்பர்க் இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். ஓர் அரசு செய்த குற்றத்தை அந்த அரசின் தாள்களைப் போல வேறெதுவும் தெளிவாகச் சொல்வதில்லை. அந்தத் தாள்கள் யார் கையில் இருக்கின்றன என்பதே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது. நியூரம்பர்க் நீதிமன்றத்துக்குப் பின்னால் வெற்றிபெற்ற படை ஒன்று இருந்தது. அதன் வாரிசுகளாக வந்த நீதிமன்றங்களுக்கு அப்படிப்பட்ட படை இல்லை. அவை ஆவணங்களைக் கேட்டுத்தான் பெற வேண்டும்; பெரும்பாலும், குற்றத்தின் நிழல் படிந்த அதே அரசிடம் கேட்க வேண்டும். கொடுப்பதா மறுப்பதா என்பதை அந்நாட்டின் சட்டமும் அரசியலும் சேர்ந்து முடிவு செய்கின்றன. காப்பகத்தின் சாவி இப்படி ஓர் அரசின் சட்டைப்பையில் இருக்கும்போது யார் யாருக்கு என்னென்ன நேர்கிறது என்பதைச் சொல்ல, முன்னாள் யூகோஸ்லாவியாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

*

ஐ.நா. பாதுகாப்பு அவை 1993 மே 25 அன்று தனது 827ஆம் தீர்மானத்தின் வழியாக முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தை நிறுவியது. போர் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. தீர்ப்பாயத்தின் இருப்பிடம் நெதர்லாந்தின் ஹேக் நகரம். அதன் விதித்தொகுப்பின் 29ஆம் பிரிவு, எல்லா நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும், சான்றுகளைத் தர வேண்டும் என்று பணித்தது. சொல்லளவில் இதைவிட வலுவான கட்டளை வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கட்டளை ஒரு நாட்டின் தலைநகரில் இருக்கும் இரும்பு அலமாரிவரை எப்படிச் சென்று சேரும்?

இதற்கு விடை தேடவைத்த வழக்கு திஹோமிர் பிளாஷ்கிச்சுடையது. மத்திய போஸ்னியாவில் போஸ்னியக் குரோவேஷியர்களின் படைக்குத் தளபதியாக இருந்தவர் அவர். அங்கே லாஷ்வா பள்ளத்தாக்கில் அஹ்மிச்சி என்ற சிறு கிராமம் இருக்கிறது. 1993 ஏப்ரல் 16 விடியற்காலையில் குரோவேஷியப் படையினர் அதற்குள் புகுந்து, வீடுகளைக் கொளுத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். வெடிவைத்துச் சாய்க்கப்பட்ட மசூதிக் கோபுரம் கூரைமேல் விழுந்துகிடந்த புகைப்படம் அந்தப் போரின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. பிளாஷ்கிச் 1996 ஏப்ரலில் தானாகவே ஹேக்குக்கு வந்து சரணடைந்தார்.

அஹ்மிச்சியைத் தாக்க உத்தரவிட்டது யார்? விடை தாள்களில் இருந்தது. போஸ்னியக் குரோவேஷியப் படையின் ஆவணங்களையும் குரோவேஷிய அரசின் ஆவணங்களையும் வழக்குரைஞர் தரப்பு கோரியது. 1997 ஜனவரியில் நீதிபதி கேப்ரியேல் கிர்க் மெக்டொனால்ட், குரோவேஷிய அரசுக்கும் அதன் பாதுகாப்பு அமைச்சர் கோய்கோ ஷூஷாக்குக்கும் ஆவணங்களை ஒப்படைக்கும்படி அழைப்பாணை பிறப்பித்தார். வழக்கமாகத் தனி மனிதர்களுக்கு அனுப்பப்படும் ஆணை, மீறினால் தண்டனை என்ற மிரட்டலுடன் இறையாண்மை கொண்ட ஓர் அரசுக்கே சென்றது.

ஸாக்ரெப் கொதித்தது. ஹேக் தீர்ப்பாயத்துடன் ஒத்துழைப்பதற்கென்று 1996லேயே அரசியல் சாசனத் தகுதி கொண்ட ஒரு சட்டத்தைக் குரோவேஷிய நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. ஆகவே ‘ஒத்துழைக்க மாட்டோம்’ என்று குரோவேஷியா சொல்லவில்லை. ஓர் அரசுக்கு அழைப்பாணை அனுப்பும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது, தேசப் பாதுகாப்பைத் தொடும் ஆவணம் எது என்று தீர்மானிப்பது அரசின் உரிமை என்றுதான் வாதிட்டது. சட்டத்தின் மொழியில் இது நியாயமற்ற வாதமும் அல்ல. எந்த நாடும் தன் ராணுவ அலமாரியை அந்நியர் ஒருவர் வந்து திறப்பதை விரும்பாது.

1997 அக்டோபர் 29 அன்று, அந்தோனியோ கஸேஸே தலைமையிலான மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது. அரசுகளுக்கோ, அரசுப் பொறுப்பில் செயல்படும் அதிகாரிகளுக்கோ தண்டனை மிரட்டலுடன் அழைப்பாணை அனுப்ப முடியாது. இதில் குரோவேஷியா வென்றது. ஆனால் அரசுகளைக் கட்டுப்படுத்தும் ஆணையைத் தீர்ப்பாயம் பிறப்பிக்கலாம். ‘தேசப் பாதுகாப்பு’ என்ற இரண்டு சொற்களை உச்சரித்து அந்த ஆணையிலிருந்து தப்ப முடியாது. இதில் குரோவேஷியா தோற்றது. ரகசியத்தைக் காக்க ஒரு நடைமுறையையும் அமர்வு வகுத்தது. அரசு ஆவணத்தைக் கொண்டுவரும். ஒரே ஒரு நீதிபதி மூடிய அறையில், எதிர்த்தரப்பு இல்லாமல் அதைப் படித்துப் பார்ப்பார். தொடர்பில்லாதவற்றைத் திருப்பித் தருவார். தேவையானவற்றிலும் வெளியே தெரியக்கூடாத வரிகளை மறைக்க அனுமதிப்பார்.

அப்படியும் தரமாட்டேன் என்று ஓர் அரசு நின்றுவிட்டால்? தீர்ப்பாயம் அதைப் பாதுகாப்பு அவைக்கு எழுதி அனுப்பலாம். அதற்கு மேல் தீர்ப்பாயத்தால் ஆவது ஒன்றுமில்லை.

குரோவேஷியக் காப்பகம் மூடியே இருந்தது. விசாரணை அந்தத் தாள்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. 2000 மார்ச் 3 அன்று, அஹ்மிச்சி உள்ளிட்ட குற்றங்களுக்காகப் பிளாஷ்கிச்சுக்கு 45 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதுவரை அத்தீர்ப்பாயம் விதித்தவற்றில் மிகக் கடுமையான தண்டனைகளுள் ஒன்று அது.

இந்த இடத்தில்தான் கதை நாம் எதிர்பார்க்காத திசையில் திரும்புகிறது. தீர்ப்புக்கு மூன்று மாதங்கள் முன்பு, 1999 டிசம்பர் 10 அன்று, குரோவேஷிய அதிபர் ஃப்ராஞ்சோ துஜ்மான் காலமாகியிருந்தார். அடுத்துவந்த தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. புதிய அரசு காப்பகத்தின் கதவுகளை மெல்லத் திறந்தது. வெளியே வந்த ஆவணங்கள் பிளாஷ்கிச்சின் வழக்கறிஞர்கள் கைக்கும் எட்டின. மேல்முறையீட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய சான்றுகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அவை காட்டிய சித்திரம் வேறாக இருந்தது. அஹ்மிச்சியில் கொலை செய்தது ராணுவக் காவல் பிரிவு; அந்தப் பிரிவு தாளில் தளபதியின் கீழே இருந்தாலும், உண்மையில் அவருடைய கட்டுப்பாட்டில் இல்லை; உத்தரவு அவரிடமிருந்து போனதாக நிறுவ முடியவில்லை.

2004 ஜூலை 29 அன்று மேல்முறையீட்டு அமர்வு பெரும்பாலான குற்றத்தீர்ப்புகளை நீக்கி, தண்டனையை 9 ஆண்டுகளாகக் குறைத்தது. சிறைப்பட்டவர்களை மனிதக் கேடயமாகப் பயன்படுத்தியது போன்ற சில குற்றங்கள் மட்டும் நிலைத்தன. எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்ட பிளாஷ்கிச் சில நாட்களில் விடுதலையானார். விசாரணையின்போது குரோவேஷியா ஒத்துழைக்காததும், துஜ்மானின் மறைவுக்குப் பிறகே காப்பகங்கள் திறக்கப்பட்டதும்தான் இவ்வளவு புதிய சான்றுகள் இவ்வளவு தாமதமாக வந்து குவிந்ததற்குக் காரணம் என்று அமர்வு வெளிப்படையாகவே குறிப்பிட்டது.

மூடிய காப்பகம் குற்றவாளியைக் காப்பாற்றுகிறது என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். இங்கே அது, செய்யாத குற்றத்தையும் சேர்த்து ஒரு மனிதரின் தலையில் 45 ஆண்டுகளை ஏற்றியது. தாய்நாடு என்று அவர் நம்பிய நாடு, அவரை விடுவிக்கக்கூடிய தாள்களைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டே அவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேசத்தின் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டது தேசத்தில் எவரைப் பாதுகாத்தது என்ற கேள்வி எழுகிறது. அஹ்மிச்சியின் மக்களோ இன்னொரு தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். லாஷ்வா பள்ளத்தாக்கில் போஸ்னியக் குரோவேஷியர்களின் அரசியல் தலைவராக இருந்த டாரியோ கோர்டிச்சின் 25 ஆண்டுத் தண்டனை 2004 டிசம்பரில்தான் உறுதியானது.

*

இனி செர்பியாவின் கதை. இங்கே ஆவணம் மறுக்கப்படவில்லை, கொடுக்கப்பட்டது. கொடுத்தும் மறைப்பது எப்படி என்பதே இதிலுள்ள பாடம்.

ஸ்லோபோதன் மிலோஷெவிச் 2001 ஜூன் 28 அன்று ஹேக்குக்கு அனுப்பப்பட்டபோது, அதற்கான சட்டம் எதுவும் யூகோஸ்லாவியக் கூட்டமைப்பில் இல்லை. செர்பிய அரசின் ஆணை ஒன்றே போதுமென்று கருதப்பட்டது. ஒத்துழைப்புச் சட்டம் 2002 ஏப்ரல் 11 அன்றுதான், அமெரிக்க நிதியுதவி நின்றுவிடும் என்ற நெருக்கடியின் கீழ், நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அன்று மாலையே, ஹேக்கினால் குற்றம் சாட்டப்பட்டிருந்த முன்னாள் உள்துறை அமைச்சர் விலாய்கோ ஸ்தொயில்கோவிச் நாடாளுமன்றப் படிக்கட்டில் நின்று தன்னைச் சுட்டுக்கொண்டார். இரண்டு நாட்களில் இறந்தார். ஒரு சட்டம் எவ்வளவு கனமானது என்பதை அதன் வாசகங்களைவிட அந்தப் படிக்கட்டு நன்றாகச் சொல்கிறது.

தலைமை வழக்குரைஞர் கார்லா டெல் போன்டே கேட்டுக்கொண்டிருந்தவற்றில் மிக முக்கியமானது, ‘உச்சப் பாதுகாப்பு அவை’யின் நடவடிக்கைக் குறிப்புகள். கூட்டமைப்பின் அதிபரும் செர்பியா, மான்டினீக்ரோ ஆகிய குடியரசுகளின் அதிபர்களும் அமர்ந்து ராணுவ விவகாரங்களை முடிவுசெய்த மன்றம் அது. போஸ்னிய செர்பியப் படைக்கு பெல்கிரேட் எந்த அளவுக்குப் பணமும் ஆட்களும் கொடுத்தது என்பதை அறிய அதைவிட நேரான வழி இல்லை.

பெல்கிரேட் 2003இல் குறிப்புகளைக் கொடுத்தது. ஆனால் பிளாஷ்கிச் வழக்கின் விளைவாக 1999இல் தீர்ப்பாயத்தின் நடைமுறை விதிகளில் சேர்க்கப்பட்டிருந்த பாதுகாப்பு ஏற்பாட்டை அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முக்கியமான பகுதிகளை நீதிபதிகளும் வழக்கின் தரப்பினரும் மட்டும் பார்க்கலாம். வெளியுலகுக்கு அவை மறைக்கப்பட்டே போக வேண்டும். நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள்.

காரணம் அதே ஹேக் நகரில் இருந்தது. ஸ்ரெப்ரெனிட்சா உள்ளிட்ட படுகொலைகளுக்காக, இனப்படுகொலை உடன்படிக்கையின் கீழ் போஸ்னியா தொடுத்த வழக்கு 1993 முதல் சர்வதேச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. தீர்ப்பாயம் தனி மனிதர்களை விசாரித்தது. சர்வதேச நீதிமன்றம் செர்பியா என்ற அரசையே விசாரித்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தத் தாள்கள் அந்தத் தெருக்களைக் கடக்கவில்லை. முழுக் குறிப்புகளையும் தரும்படி செர்பியாவுக்கு உத்தரவிட வேண்டும் என்று போஸ்னியா வேண்டியது. தீர்ப்பாயத்தின் பொது ஆவணங்களே போஸ்னியாவின் கையில் ஏராளமாக இருக்கின்றன என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2007 பிப்ரவரி 26 அன்று தீர்ப்பு வந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலைதான்; செர்பியா அதைத் தடுக்கவும் குற்றவாளிகளைத் தண்டிக்கவும் தவறியது; ஆனால் அதைச் செய்த பொறுப்பு செர்பிய அரசுடையது என்று நிறுவப்படவில்லை. மறைக்கப்படாத குறிப்புகளைக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தின் துணைத் தலைவர் அல் கசாவ்னே தன் மாறுபட்ட கருத்தில் எழுதினார்.

அந்தக் கறுப்புக் கட்டங்களுக்கு அடியில் தீர்ப்பை மாற்றும் வரிகள் இருந்தனவா? குறிப்புகளின் பல பகுதிகள் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தன. யூகோஸ்லாவிய ராணுவத் தளபதி மொம்சிலோ பெரிஷிச்சின் வழக்கில் 2011இல் வந்த தீர்ப்பு அவற்றை வெளிப்படையாகவே எடுத்தாண்டது. போஸ்னிய செர்பியப் படைக்குச் சென்ற உதவியின் அளவு அதில் தெரிந்தது. ஆனால் பெரிஷிச்சே 2013இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். உதவி செய்ததையும் இனப்படுகொலையை ஏவியதையும் ஒன்றாக்கிவிட முடியாது என்று வாதிடுபவர்களுக்கும் இடமிருக்கிறது. முழுக் குறிப்புகளைப் பார்த்திருந்தாலும் சர்வதேச நீதிமன்றம் அதே முடிவுக்கு வந்திருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பதும் பாராமலே ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. ஸ்ரெப்ரெனிட்சாவில் மகன்களை இழந்த தாய்மார்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை ‘இல்லை’.

இந்த ரகசியம் இன்னொருவரையும் தொட்டது. டெல் போன்டேயின் முன்னாள் செய்தித் தொடர்பாளரான ஃப்ளோரன்ஸ் ஹார்ட்மன், குறிப்புகளை மறைப்பது தொடர்பான இரண்டு ரகசியத் தீர்ப்புகளைப் பற்றி 2007இல் ஒரு நூலிலும் பின்னர் ஒரு கட்டுரையிலும் எழுதினார். நீதிமன்ற அவமதிப்புக்காக 2009இல் அவருக்கு 7,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் அது ஏழு நாள் சிறையாக மாற்றப்பட்டது. 2016 மார்ச் 24 அன்று, ரடோவன் கராட்ஜிச்சுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்ட நாளில், தீர்ப்பாயத்தின் வாசலில் ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார்களோடு இருந்த அவரைக் காவலர்கள் கைதுசெய்தார்கள். தன் வாக்குறுதியைக் காப்பாற்றத் தீர்ப்பாயம் தவறவில்லை. அந்த வாக்குறுதி செர்பிய அரசுக்குக் கொடுக்கப்பட்டது.

மறுஆய்வு கோருவதற்கான பத்தாண்டுக் கெடு 2017 பிப்ரவரியில் முடிவதற்குச் சற்று முன்பு, போஸ்னியாவின் சார்பில் ஒரு மனு வந்தது. போஸ்னியாவின் முத்தலைமை அதற்கு ஒப்புதல் தரவில்லை என்பதால், முறையான மனுவே இல்லை என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது.

*

இவை பால்கன் நாடுகளின் குணக்கேடு என்று நினைத்துவிடக் கூடாது. 1998இல் ரோம் நகரில் நிரந்தரச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாசனம் எழுதப்பட்டபோது, பல நாடுகள் பிளாஷ்கிச் தீர்ப்பை மனத்தில் வைத்திருந்தன. சாசனத்தின் 93ஆம் பிரிவு ஆவணங்களைத் தரச்சொல்கிறது. 72ஆம் பிரிவு, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டும் நாட்டுடன் படிப்படியாகப் பேசித் தீர்க்கச் சொல்கிறது. பேச்சு முறிந்தால் நீதிமன்றம் உறுப்புநாடுகளின் பேரவைக்கோ பாதுகாப்பு அவைக்கோ முறையிடலாம். அல்லது இல்லாத ஆவணத்திலிருந்து தானே ஓர் ஊகத்துக்கு வரலாம். அலமாரியைத் திறக்க முடியாது.

உறுப்புநாடுகள் இதற்கென எழுதிக்கொண்ட உள்நாட்டுச் சட்டங்களைப் படித்தால் சாவி எங்கே இருக்கிறது என்பது இன்னும் தெளிவாகும். ரோம் சாசனத்தை உற்சாகமாக ஆதரித்த பிரிட்டன் 2001இல் இயற்றிய சட்டத்தில், நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான எந்த ஆவணத்தையும் தரவேண்டியதில்லை என்று ஒரு பிரிவு உண்டு. கேடானது என்று அமைச்சர் சான்றளித்தால் அதுவே முடிந்த முடிவு. உறுப்பினர் ஆகாத அமெரிக்காவோ, முன்னாள் யூகோஸ்லாவியா, ருவாண்டா தீர்ப்பாயங்களுடன் ஒத்துழைக்க 1996இல் ஒரு சட்டம் செய்துவிட்டு, 2002இல் புதிய நீதிமன்றத்துக்கு உதவுவதையே பெருமளவு தடைசெய்து வேறொரு சட்டம் செய்தது. உக்ரைன் போருக்குப் பிறகு அதில் விதிவிலக்குச் சேர்க்கப்பட்டது. பிறர் செய்த குற்றத்தின் ஆவணம் என்றால் கை தாராளமாக நீள்கிறது.

கென்யா 2008இல் நல்லதொரு சட்டத்தை இயற்றியிருந்தது. 2007 தேர்தலுக்குப் பின் மூண்ட வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் குற்றம்சாட்டப்பட்ட உஹுரு கென்யாட்டா 2013இல் நாட்டின் அதிபரானார். அவருடைய வங்கிக் கணக்கு, தொலைபேசி, நில உரிமை ஆகியவற்றின் பதிவேடுகளை வழக்குரைஞர் கேட்டபோது, தருகிறோம் என்றும் உள்நாட்டு நீதிமன்ற ஆணை வேண்டும் என்றும் கோரிக்கை தெளிவாக இல்லை என்றும் கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. 2014 டிசம்பர் 5 அன்று வழக்கே திரும்பப் பெறப்பட்டது. கென்யா கடமை தவறியது என்று நீதிமன்றம் 2016இல் உறுப்புநாடுகளின் பேரவைக்கு எழுதி அனுப்பியது. வழக்கு முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கென்யாட்டா குற்றவாளியா அல்லவா என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. குற்றமற்றவர் என்றால், அப்படிச் சொல்லும் வாய்ப்பும் அந்தத் தாள்களோடு சேர்ந்தே பூட்டப்பட்டது.

டோக்கியோவின் தீ இன்று தேவைப்படுவதில்லை. எரிப்பது அநாகரிகம், தடயம் விட்டுச்செல்வதும்கூட. சட்டத்தின் ஒரு துணைப்பிரிவும், கறுப்பு மையும், தாமதமும் அதே வேலையைச் சத்தமின்றிச் செய்கின்றன. ஆனால் நெருப்புக்கும் பூட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எரிந்தது எரிந்ததுதான், பூட்டியது ஒருநாள் திறக்கப்படலாம். குரோவேஷியாவின் காப்பகத்தைத் திறக்க ஒரு மனிதரின் மரணமும் ஓர் ஆட்சி மாற்றமும் தேவைப்பட்டன. அதற்குள் ஒருவர் சிறையில் எட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டார். அஹ்மிச்சியில் உயிர்பிழைத்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல், தங்கள் குடும்பங்களைக் கொல்லச் சொன்னவர் இவர்தான் என்று நம்பியிருந்து, பிறகு அதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தாள்கள் அந்தக் காலம் முழுவதும் பத்திரமாகத்தான் இருந்தன.